குழாயின் நுனி எங்கே? காட்டிக் கொடுத்தவர் ராண்ட்ஜன்!



பெரிய மருத்துவமனைக்கு உறவினர் யாரையாவது பார்க்கப் போயிருப்பீர்கள். அங்கே சில நோயாளிகளின் மூக்கில் மெல்லிய குழாய் ஒன்று செருகி, கன்னத்தில் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருப்பார்கள். அது மூச்சு விடுவதற்கான குழாய் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது சாப்பாட்டுக் குழாய்!

பக்கவாதம் வந்தவர்கள், நினைவு தப்பிக் கிடப்பவர்கள், தொண்டையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், குறைமாதத்தில் பிறந்த பச்சைக் குழந்தைகள்... இவர்களால் எதையும் விழுங்க முடியாது. விழுங்க முடியாவிட்டாலும் வயிறு பசிக்குமே! அதனால் மூக்கு வழியாகக் குழாயை விட்டு, தொண்டையைத் தாண்டி, இரைப்பை வரைக்கும் கொண்டுபோய், அதன் வழியாகப் பாலும் சத்து மாவுக் கரைசலும் மருந்தும் கொடுப்பார்கள். நம் ஊர் நர்சுகள் இதை 'ரைல்ஸ் டியூப்' என்று சொல்வதைக் கேட்டிருக்கலாம்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. நம் தொண்டையில் இரண்டு வழிகள் உண்டு. முன்னால் இருப்பது மூச்சுக்குழல். அது நுரையீரலுக்குப் போகிறது. பின்னால் இருப்பது உணவுக்குழல். அது இரைப்பைக்குப் போகிறது. நாம் விழுங்கும்போது ஒரு சின்ன மூடி மூச்சுக்குழலின் வாயை மூடிக்கொள்கிறது. சாப்பிடும்போது வளவளவென்று பேசினால் மூடி சரியாக மூடாமல் ஒரு பருக்கை உள்ளே போய்விடும். உடனே புரை ஏறும். யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லிப் பாட்டி தலையில் தட்டுவாள் அல்லவா? உண்மையில் நுரையீரலைக் காப்பாற்றுவதற்காக உடம்பு போடும் சண்டைதான் அந்த இருமல்.

நினைவில்லாத நோயாளிக்கு அந்த இருமல் வராமல் போகலாம். குழாய் வழிதவறி மூச்சுக்குழலுக்குள் போனாலும் அவர் சும்மாவே படுத்திருப்பார். வெளியே இருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. அது தெரியாமல் பாலை ஊற்றினால்? பால் நேரே நுரையீரலுக்குள் போகும். கடுமையான நிமோனியா வரும். உயிரே போய்விடலாம். அப்படி உயிர் போனதும் உண்டு.

ஆக, ஊற்றுவதற்கு முன்னால் தெரிந்தாக வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்று. குழாயின் நுனி எங்கே நிற்கிறது? உடம்பைக் கிழிக்காமல் இதற்குக் கண்ணால் பார்த்து விடை சொல்ல வழி காட்டியவர் ஒரு ஜெர்மானியர். பெயர் வில்ஹெம் கான்ராட் ராண்ட்ஜன். அவர் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

ராண்ட்ஜன் 1845-ஆம் ஆண்டு மார்ச் 27-ஆம் தேதி ஜெர்மனியில் லென்னெப் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா துணி வியாபாரி. அம்மா ஹாலந்து நாட்டுக்காரர். வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவருக்கு மூன்று வயதானபோது குடும்பம் ஹாலந்தில் உள்ள அபெல்டோர்ன் என்ற ஊருக்குக் குடிபோனது. பள்ளியில் அவர் முதல் மாணவர் எல்லாம் இல்லை. காடு மேடெல்லாம் சுற்றுவதும், கையால் ஏதாவது கருவி செய்துகொண்டிருப்பதும்தான் பிடிக்கும்.

பதினேழு வயதில் உட்ரெக்ட் நகரில் ஒரு தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். அங்கேதான் வம்பு வந்தது. ஒரு மாணவன் ஆசிரியர் ஒருவரைக் கேலியாகப் படம் வரைந்துவிட்டான். பழி ராண்ட்ஜன் மேல் விழுந்தது. வரைந்தவன் யாரென்று அவருக்குத் தெரியும். ஆனால் பெயரைச் சொல்ல மறுத்துவிட்டார். பள்ளி அவரை வெளியே அனுப்பியது. முப்பது வருடங்களுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் நான். என் மூக்கையும் கண்ணாடியையும் கரும்பலகையில் வரைந்து வைத்த பிள்ளைகள் உண்டு. துடைத்துவிட்டுப் பாடத்தை ஆரம்பிப்பேன். அதற்காக ஒரு பையனைப் பள்ளியை விட்டே அனுப்புவது எனக்கு இன்றும் அதிகமாகத்தான் படுகிறது.

பள்ளி முடித்த சான்றிதழ் கையில் இல்லை. அது இல்லாமல் பல்கலைக்கழகத்தில் முறையாகச் சேர முடியாது. இரண்டு வருடம் இப்படியே போனது. ஸ்விட்சர்லாந்தில் ஜூரிச் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில், அந்தச் சான்றிதழ் இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்ள வழி இருந்தது. 1865-இல் அங்கே சேர்ந்து இயந்திரப் பொறியியல் படித்தார். 1869-இல் டாக்டர் பட்டமும் வாங்கினார். அங்கே ஆகஸ்ட் குண்ட் என்ற இயற்பியல் பேராசிரியர் இந்த இளைஞரின் கைத்திறமையைப் பார்த்துத் தன் உதவியாளராக வைத்துக்கொண்டார். ஜூரிச்சில் ஒரு உணவு விடுதிக்காரரின் மகளான அன்னா பெர்தாவைச் சந்தித்ததும் அப்போதுதான். 1872-இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. பின்னாளில் பெர்தாவின் சகோதரருடைய மகளைத் தங்கள் மகளாக வளர்த்தார்கள்.

1870-இல் குண்ட் ஜெர்மனியில் உள்ள வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது ராண்ட்ஜனும் கூடவே போனார். விரிவுரையாளராகத் தகுதி பெற விரும்பினார். அங்கேயும் பழைய கதை வந்து வழிமறித்தது. பள்ளிச் சான்றிதழ் இல்லாதவருக்கு அந்தத் தகுதியைத் தர முடியாது என்று பல்கலைக்கழகம் கையை விரித்துவிட்டது. டாக்டர் பட்டம் வாங்கியும் பள்ளிப் படிப்பைக் கேட்டார்கள்! பிறகு ஸ்ட்ராஸ்பர்க், ஹோஹன்ஹைம், கீசன் என்று ஊர் ஊராக வேலை பார்த்துப் பெயர் வாங்கினார். 1888-இல் அதே வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகம் பேராசிரியராக வரும்படி அவரை அழைத்தது. 1894-இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தலைவராகவும் ஆக்கியது.

இனி வருவதுதான் முக்கியமான இடம். கவனமாகக் கேளுங்கள்.

1895-ஆம் ஆண்டு நவம்பர் 8, வெள்ளிக்கிழமை. அவருக்கு அப்போது ஐம்பது வயது. ஆய்வுக்கூடத்தில் தனியாக இருந்தார். காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் மின்சாரத்தைப் பாய்ச்சிச் சோதனை செய்துகொண்டிருந்தார். அந்தக் காலத்தில் பல விஞ்ஞானிகள் செய்துகொண்டிருந்த சோதனைதான் அது. குழாயின் வெளிச்சம் கண்ணைக் கூசாமல் இருக்க அதைக் கறுப்பு அட்டையால் இறுக்கமாக மூடினார். அறையையும் இருட்டாக்கினார். மின்சாரத்தைப் போட்டார். சற்றுத் தள்ளி இருந்த ஒரு திரை பச்சையாக மினுமினுத்தது! பேரியம் கலந்த ஒரு வேதிப்பொருளைப் பூசிய திரை அது. வெளிச்சம் பட்டால்தான் மின்னும். ஆனால் குழாயிலிருந்து ஒரு பொட்டு வெளிச்சம்கூட வெளியே வரவில்லையே! மின்சாரத்தை நிறுத்தினால் மினுக்கமும் நிற்கிறது. போட்டால் மறுபடியும் வருகிறது.

வேறொருவராக இருந்தால் ஏதோ கோளாறு என்று விட்டிருப்பார். ராண்ட்ஜன் விடவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று அட்டையைத் துளைத்து வருகிறது என்று புரிந்துகொண்டார். அதன் பிறகு ஏழு வாரங்கள் ஆய்வுக்கூடமே கதி. வீடு அதே கட்டடத்தின் மாடியில்தான் இருந்தது. இருந்தும் சாப்பாட்டையும் தூக்கத்தையும் ஆய்வுக்கூடத்துக்கே கொண்டுபோய்விட்டார். என்ன செய்கிறார் என்று யாரிடமும் சொல்லவில்லை. முதலில் தனக்கே நிச்சயமாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தார்.

கையில் கிடைத்ததையெல்லாம் கதிரின் குறுக்கே வைத்துப் பார்த்தார். சுமார் ஆயிரம் பக்கமுள்ள தடிப் புத்தகத்தை வைத்தார். கதிர் அதையும் துளைத்துவிட்டது. சீட்டுக்கட்டு, மரப்பலகை, அலுமினியத் தகடு எல்லாவற்றையும் துளைத்தது. ஆனால் ஒன்றரை மில்லிமீட்டர் ஈயத் தகடு கதிரை நிறுத்திவிட்டது. தன் கையைக் குறுக்கே நீட்டியபோது திரையில் எலும்பின் நிழல் விழுந்தது. சதை மங்கலாகவும் எலும்பு கறுப்பாகவும் தெரிந்தன. ஈயம், எலும்பு போல அடர்த்தியான பொருள்கள் கதிரைத் தடுக்கும். சதை, காற்று போன்றவை விட்டுவிடும். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் குழாய்க்கு இது தேவைப்படும்.

டிசம்பர் 22-ஆம் தேதி மனைவி பெர்தாவை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்தார். ஒரு புகைப்படத் தட்டின் மேல் அவர் கையை வைக்கச் சொல்லி, சுமார் 15 நிமிடங்கள் கதிரைச் செலுத்தினார். தட்டைக் கழுவிப் பார்த்தால் விரல் எலும்புகளும், மோதிர விரலில் மோதிரமும்! உயிரோடு இருக்கும்போதே தன் எலும்பைப் பார்த்த பெர்தா நடுங்கிப்போனார். செத்தபின் தெரிய வேண்டியது இப்போதே தெரிகிறதே என்ற பயம் அவருக்கு.

டிசம்பர் 28-ஆம் தேதி தன் கட்டுரையை வூர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் ஒப்படைத்தார். கணக்கில் தெரியாத எண்ணுக்கு எக்ஸ் என்று பெயர் வைப்போமே, அதுபோலத் தன்மை தெரியாத அந்தக் கதிருக்கு எக்ஸ் கதிர் என்று பெயரிட்டார். 1896 ஜனவரி முதல் வாரத்திலேயே வியன்னா பத்திரிகையில் செய்தி வந்து உலகமெங்கும் பரவியது. ஜனவரி 23-ஆம் தேதி வூர்ஸ்பர்க்கில் கூட்டம் நிரம்பிய அரங்கில் பேசினார். கோலிக்கர் என்ற முதிய உடற்கூறு நிபுணரின் கையை அங்கேயே படம் எடுத்துக் காட்டினார். இவற்றை ராண்ட்ஜன் கதிர்கள் என்று அழைக்க வேண்டும் என்றார் கோலிக்கர். அரங்கமே கைதட்டியது. ஆனாலும் ராண்ட்ஜன் கடைசிவரை எக்ஸ் கதிர் என்றுதான் சொன்னார்.

இதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தால் கோடீஸ்வரர் ஆகியிருப்பார். வாங்கவில்லை. எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்று விட்டுவிட்டார். அரச குடும்பம் கொடுக்க வந்த பிரபுப் பட்டத்தையும் வேண்டாம் என்றார். 1901-இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது. அந்தப் பணத்தையும் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். ஆம், ஒரு காலத்தில் தகுதி இல்லை என்று சொன்ன அதே பல்கலைக்கழகம்தான்!

இந்தக் கதிருக்கு இன்னொரு முகமும் இருந்தது. ஆரம்ப நாட்களில் பலர் பாதுகாப்பில்லாமல் விளையாட்டுப் போல இதைப் பயன்படுத்தினார்கள். தோல் வெந்தது, முடி கொட்டியது, விரல்களை வெட்ட வேண்டி வந்தது. எடிசனின் உதவியாளராக இருந்த கிளாரன்ஸ் டாலி 1904-இல் இறந்தே போனார். ராண்ட்ஜன் ஒரு துத்தநாகக் கூண்டுக்குள் நின்று சோதனை செய்தார். இருட்டு வேண்டும் என்பதற்காகத்தான் அதைச் செய்துவைத்தார். ஆனால் அது அவரைக் கதிரிலிருந்தும் காத்தது. இன்று எக்ஸ்ரே எடுக்கும் அறையில் ஊழியர்கள் ஈய அங்கி போட்டுக்கொள்வதும், தேவையில்லாமல் படம் எடுக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்வதும் இதனால்தான்.

சரி, எலும்பு தெரிகிறது. சாப்பாடு போகும் வழி தெரியுமா? அது வெறும் சதைதானே! 1896-இல் அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்திருந்த வால்டர் கேனன் என்ற மாணவர் இதற்கு ஒரு வழி கண்டார். கதிரைத் தடுக்கும் பிஸ்மத் என்ற உலோகத்தின் உப்பைத் தீனியில் கலந்து ஒரு வாத்துக்குக் கொடுத்தார். வாத்து கழுத்தை ஆட்டாமல் இருக்க அட்டையில் உயரமாகக் காலர் வேறு! திரையில் பார்த்தால், நீளக் கழுத்துக்குள்ளே தீனி உருண்டை மெல்ல இறங்குவது நிழலாகத் தெரிந்தது. விழுங்கியது எங்கே போகிறது என்பதை இப்படி உயிரோடு பார்க்க முடிந்தது.

விழுங்க முடியாதவர்களுக்குக் குழாயில் உணவு கொடுப்பது இதற்கெல்லாம் மூத்த பழக்கம். 1790-இல் லண்டனில் ஜான் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர், விலாங்கு மீனின் தோலைத் திமிங்கல எலும்புக் குச்சி மேல் போர்த்திக் குழாயாக்கி, விழுங்கும் சக்தி போன ஒரு நோயாளிக்கு முட்டையும் பாலும் செலுத்திக் காப்பாற்றினார். 1921-இல் இங்கிலாந்தின் ஜான் ரைல் என்ற மருத்துவர், இரைப்பை நீரை எடுத்துச் சோதிப்பதற்காக, நுனியில் கனம் வைத்த ஒரு மெல்லிய ரப்பர் குழாயை உருவாக்கினார். அவர் பெயர்தான் நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இன்னும் நர்சுகளின் வாயில் இருக்கிறது.

இப்போது கிடைக்கும் குழாயைக் கையில் வாங்கிப் பாருங்கள். நுனியில் சின்னச் சின்ன உலோக மணிகள் இருக்கும். நீளம் பூராவும் ஒரு கோடு ஓடும். இவை கதிரைத் தடுப்பவை. வெறும் பிளாஸ்டிக்காக இருந்தால் எக்ஸ்ரே படத்தில் சரியாகத் தெரியாது. கோடு இருப்பதால் வெள்ளை நூல் போலத் தெரியும். ஈயத் தகட்டை வைத்து ராண்ட்ஜன் கண்டுபிடித்த அதே வித்தியாசம்தான்.

குழாயைப் போட்டவுடன் மார்பை எக்ஸ்ரே எடுத்து மருத்துவர் என்ன பார்ப்பார்? மூச்சுக்குழல் மார்பின் நடுவில் இரண்டு கிளையாகப் பிரிகிறது. வெள்ளை நூல் அந்தப் பிரிவில் இடப்பக்கமோ வலப்பக்கமோ திரும்பினால் போச்சு, அது நுரையீரலுக்குள் போகிறது. உடனே வெளியே எடுக்க வேண்டும். திரும்பாமல் நேராக இறங்கி, நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள உதரவிதானத்தைக் கடந்து, அதற்குக் கீழே இடப்பக்கம் நுனி நின்றால் சரி. படத்தில் பார்க்கும்போது நோயாளியின் இடப்பக்கம் நமக்கு வலது கைப்பக்கம் வரும். எதிரே நிற்பவரைப் பார்ப்பது போல.

ஒருமுறை படம் எடுத்தால் போதுமா? போதாது. நோயாளி இருமினாலோ வாந்தி எடுத்தாலோ குழாய் நகர்ந்துவிடும். ஒவ்வொரு வேளைக்கும் முன்னால் பார்த்தாக வேண்டும். வேளைக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்தால் உடம்பு தாங்குமா? அதனால் வேறு சோதனைகள் வந்தன. பல வருடங்களாக எல்லோரும் செய்து வந்தது ஒன்று உண்டு. ஊசிக்குழலால் குழாய்க்குள் கொஞ்சம் காற்றை அடித்து, வயிற்றின் மேல் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்பார்கள். குபுக்கென்று சத்தம் வந்தால் இரைப்பை என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் நுனி நுரையீரலில் இருந்தாலும் சத்தம் வயிறு வரை கேட்கும்! இதை நம்பிப் பால் ஊற்றி உயிர்கள் போயிருக்கின்றன. 2005-இல் இங்கிலாந்தின் நோயாளி பாதுகாப்பு நிறுவனம் இந்தச் சோதனையை இனிச் செய்யக் கூடாது என்று அறிவித்தது.

அதற்குப் பதிலாக அவர்கள் சொன்னது அமிலச் சோதனை. இரைப்பையில் அமிலம் சுரக்கிறது என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். குழாயிலிருந்து சில சொட்டுத் திரவத்தை உறிஞ்சி, நிறம் மாறும் தாளில் விடுவார்கள். செம்பருத்திப் பூவைத் தேய்த்த தாளில் எலுமிச்சைச் சாற்றை விட்டால் சிவக்குமே, அதுபோல. 1909-இல் டென்மார்க்கின் சோரன்சன் வகுத்த பி.எச். என்ற அளவுகோல்தான் இதற்கும். எண் குறைந்தால் அமிலம் அதிகம். 1 முதல் 5.5-க்குள் வந்தால் உணவு கொடுக்கலாம். அதைவிட அதிகமாக வந்தாலோ, திரவமே வராவிட்டாலோ கொடுக்கக் கூடாது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இரைப்பையில் இருந்தாலும் எண் அதிகமாக வரும். அப்போது என்ன செய்வது? மறுபடியும் ராண்ட்ஜன்தான்!

ராண்ட்ஜன் 1900-இல் மியூனிக் நகருக்கு மாறிப்போனார். வயதான காலம் அவருக்குச் சுகமாக இல்லை. முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியில் பணம் மதிப்பிழந்து, சேமிப்பெல்லாம் கரைந்துபோனது. நெடுநாள் நோயில் கிடந்த பெர்தா 1919-இல் இறந்தார். 1923 பிப்ரவரி 10-ஆம் தேதி குடல் புற்றுநோயால் ராண்ட்ஜனும் காலமானார். அவர் விருப்பப்படி, வெளியிடாத ஆராய்ச்சிக் குறிப்புகளையும் கடிதங்களையும் எரித்துவிட்டார்கள். அந்த முதல் நாள் மாலை அவர் மனத்தில் என்ன ஓடியது என்பதை நாம் முழுதாக அறிய முடியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். எனக்கு அதில் வருத்தம்தான். 2004-இல் 111-ஆம் தனிமத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். உங்கள் வேதியியல் புத்தகத்தின் தனிம அட்டவணையில் தேடிப் பாருங்கள்.

இப்போது புதுப்புதுக் கருவிகள் வந்துவிட்டன. ஒன்று, குழாயின் வெளி நுனியில் பொருத்தும் சிறு கருவி. கார்பன் டை ஆக்சைடு வந்தால் காட்டிக் கொடுக்கும். அந்த வாயு நாம் வெளியே விடும் மூச்சில் உண்டல்லவா? அப்படிக் காட்டினால் குழாய் மூச்சுக்குழலில் இருக்கிறது என்று பொருள். இன்னொன்றில், குழாய்க்குள் ஒரு மெல்லிய கம்பி இருக்கும். அதன் நுனியிலிருந்து மின்காந்த அலை வரும். நோயாளியின் மார்பின் மேல் வைத்த கருவி அதைப் பிடித்து, குழாய் போகும் பாதையைத் திரையில் வரைந்து காட்டும். கதிர் வேண்டாம், இருட்டறை வேண்டாம். ஆனால் திரையில் வரும் கோட்டைத் தவறாகப் படித்து, நோயாளிகளுக்குக் கெடுதல் நேர்ந்தது. 2013-இல் இங்கிலாந்தின் மருத்துவத் துறை ஓர் எச்சரிக்கை விட்டது. இந்தக் கருவியைக் கொண்டு குழாய் போட்டாலும், முதல் வேளை உணவுக்கு முன் அமிலச் சோதனையோ எக்ஸ்ரேயோ செய்தே ஆக வேண்டும் என்பதுதான் அது. இரவு இரண்டு மணியானாலும், நர்சு நிறத்தாளைப் பார்த்துவிட்டுத் தயங்கினால், பால் நிரப்பிய ஊசிக்குழலை அப்படியே தட்டில் வைத்துவிட்டு, எக்ஸ்ரே இயந்திரத்தைக் கட்டிலுக்குத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள்.